அக்கா நோட்டில் பதினேழாம் விதி

மே 4

இது போன வருஷத்து டைரி. கம்பெனி கொடுத்தது. அட்டையில் மோட்டார் பம்ப் படம் தங்க நிறத்தில் இருக்கும். ஜூலை எட்டாம் தேதி வரை எழுதியிருக்கிறேன், அதற்கப்புறம் எல்லாம் வெள்ளை. ஒன்பதாம் தேதி காலை ஒண்டிப்புதூரில் எவனோ வீடு கட்ட ரோட்டில் கொட்டிய மணலில் என் ஸ்கூட்டி சறுக்கி, தொடை எலும்பு இரண்டாகப் போனது. அரை டைரியை வீணாக்குவானேன்? அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

இன்று ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டேன். இருபத்து நான்கு வருஷம் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் எப்போது வெளியே போனார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று அறுநூறு பேர் கணக்கும் என் கைக்குள் இருந்தது. ரெஜிஸ்டரைத் திறக்காமலே சொல்லுவேன். டோக்கன் நம்பர் சொன்னால் ஆள் பெயர், ஆள் பெயர் சொன்னால் டோக்கன் நம்பர். முதலாளி கூட ஒருமுறை, "அமராவதி இருக்கும்போது கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார். அதைக் காதால் கேட்டவர்கள் நிறையப் பேர் உண்டு.

டைம் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. பதினெட்டு இரும்புப் படி. படிக்குப் பயந்து நான் வேலையை விடவில்லை. பத்து மாதம் வீட்டில் இருந்து பார்த்ததில், போதும் என்று எனக்கே தோன்றியது. அவ்வளவுதான்.

வேலை செய்து சேர்த்த சம்பாத்திய லீவு எனக்கு முப்பத்தெட்டு நாள் பாக்கி. அதற்கான சம்பளம் வரும். அது வந்ததும் காலில் உள்ள கம்பியை எடுக்க ஆபரேஷன். டாக்டர் முப்பத்திரண்டாயிரம் சொல்லியிருக்கிறார். கம்பியை எடுத்தால்தான் கைத்தடியை விடலாம். எல்லாம் கணக்காகத்தான் இருக்கிறது.

மே 7

எங்க வீட்டுக்காரர் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் ஒரு சுற்று எங்காவது போய்வராவிட்டால் அவருக்கு உடம்பு கேட்காது. முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னால் இரண்டு கட்டு கொண்டுவந்தார்.

"ஒண்ணுதான வாங்கச் சொன்னேன்?"

"ஒண்ணுதான் வாங்குனேன். இன்னொண்ணு அந்தம்மா சும்மா குடுத்துது. கடைசி வரிசையில உக்காந்திருக்குமே, அதான். எலும்புக்கு நல்லதாம்."

கடைசி வரிசைக் கடைக் கீரையில் மண் அதிகம், முன்வரிசையில் வாங்குங்கள் என்றேன். பதினைந்து வருஷமாக இந்த வீட்டுக்குக் கீரை வாங்குகிறவருக்கு இது கூடத் தெரியாதா?

மே 12

கணக்கு முடித்த தாள் தபாலில் வந்தது. பி.எப். சரி. கிராஜுவிட்டி சரி. போனஸ் பாக்கி, பைசா உட்பட சரி. சம்பாத்திய லீவுச் சம்பளம்: இல்லை.

இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை படித்தேன். பிறகு போனை எடுத்து திருமூர்த்தியைக் கூப்பிட்டேன். எட்டு வருஷம் எனக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவன். இப்போது என் நாற்காலியில் இருக்கிறான். நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கூட்டல் போட்டால் ஒரு முறை விரலைப் பார்ப்பான்.

"ஏப்பா திருமூர்த்தி, என்ற லீவு எங்க போச்சு?"

"அக்கா... நல்லா இருக்கீங்களாக்கா? கால் எப்படீங்க்கா?"

"கால் கெடக்குது. முப்பத்தெட்டு நாளு எங்க?"

"அது வந்துங்க்கா... நீங்க லாங் லீவுல இருந்து திரும்பி வராம அப்படியே நின்னுட்டீங்கல்லங்க்கா. அப்படி நிக்கறவங்களுக்கு..."

"யாரு சொன்னா?"

"நேர்ல வாங்க்கா, காட்டறேன்" என்றான்.

என்னிடம் கணக்குப் படித்தவன் எனக்கே கணக்குக் காட்டுகிறானாம். வருகிறேன் தம்பி, வருகிறேன்.

மே 13

கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

மே 15

ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து கும்பிட்டான். உள்ளே வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் எல்லாம் மோட்டாரையும் செம்புக் கம்பியையும் அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்து "டைம் ஆபீஸ் அக்கா!" என்று கத்தினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

படிக்குக் கீழே நின்று மேலே பார்த்தேன். "இருங்க்கா, நானே எறங்கி வர்றேன்" என்று திருமூர்த்தி ஓடி வந்தான். செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்தோம்.

நான் ஏற்கெனவே பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். விரல் விட்டுச் சொன்னேன். பழைய வருஷத்திலிருந்து அதிகபட்சம் முப்பது நாள் கொண்டுவரலாம், என்னிடம் முழு முப்பது உண்டு. விபத்துக்கு முன்னால் போன வருஷம் நூற்றறுபது நாள் வேலை செய்திருக்கிறேன். இருபது நாளுக்கு ஒன்று என்றால் எட்டு. ஆக முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கடிதம் எழுதிக் கொடுத்தேன், பத்து மாதத்தையும் சம்பளமில்லாத லீவாகப் போடுங்கள், என் சம்பாத்திய லீவைத் தொடாதீர்கள் என்று. அப்போது எங்க வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்றார். இருபத்து நான்கு வருஷத்துக்கு அப்புறம் ரெஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே பூஜ்யம் நிற்பதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. உழைத்துச் சேர்த்தது, உழைக்காமல் படுத்திருந்ததால் எப்படிக் கரையும்?

திருமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு கையில் இருந்த நீல நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

அது என் நோட்டு. புதிதாக வருகிற குமாஸ்தாக்கள் தடுமாறக்கூடாது என்று கம்பெனி நடைமுறைகளை எல்லாம் நம்பர் போட்டு நானே எழுதி வைத்தது. நாற்பத்தாறு விதிகள். கம்பெனியில் 'அக்கா நோட்டு' என்றால் எல்லோருக்கும் தெரியும். மேனேஜரே சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துவரச் சொல்லுவார்.

பதினேழு. என் முத்து முத்தான கையெழுத்து. "நெடுநாள் விடுப்பில் சென்று, பணிக்குத் திரும்பாமலே விலகுவோருக்கு மீதி விடுப்புச் சம்பளம் கிடையாது."

"நீங்க எழுதுனதத்தானுங்க்கா நான் போட்டேன். நானா ஒண்ணும் போடல" என்றான் திருமூர்த்தி. அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பயந்தா, என்மேல் பாவப்பட்டா என்று தெரியவில்லை.

நான் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

மே 16

கையெழுத்து மட்டும் ரொம்ப நன்றாக இருந்தது.

மே 18

நிதானமாக யோசித்ததில் ஒன்று தெளிவு. நான் எதையும் ஆதாரமில்லாமல் எழுதுகிறவள் இல்லை. பதினேழுக்கு ஒரு சுற்றறிக்கை இருந்திருக்க வேண்டும். இருந்தால் எனக்குப் பணம் இல்லை, விட்டுவிடுவேன். விதி என்றால் விதிதான். இல்லாவிட்டால் அப்போது பார்க்கலாம்.

திருமூர்த்தியிடம் போனில் சொன்னேன், 2001 முதல் 2006 வரை சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் பார் என்று. அலமாரியின் கீழ்த்தட்டு, இடது பக்கம், பச்சைக் கயிறு கட்டினது.

இன்று துணி துவைக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. உட்கார்ந்துகொண்டே கையால் துவைத்தேன். அவர் அலசிப் போட்டார். ஒரு சட்டைக்கு மூன்று கிளிப் போடுகிறார் மனுஷன்.

மே 20

"ஒரு தாள் உடாம பாத்துட்டனுங்க்கா. அப்படி ஒண்ணும் இல்ல. கம்பெனி நிலையாணைப் புத்தகத்துலயும் இல்ல. அதுல உங்க பக்கந்தான் எழுதியிருக்குது, வேலைய உட்டா பாக்கி லீவுக்குச் சம்பளம் குடுக்கோணும்னு. லாங் லீவப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லீங்க்கா."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. முப்பத்தெட்டு நாள் எனக்கு உண்டு. நாளுக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, ஆக முப்பத்தையாயிரத்து நூற்றைம்பது. ஆபரேஷன் போக மூவாயிரம் மிஞ்சும்.

சாயங்காலம் பூராவும் எதற்கோ நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. வாயுவாக இருக்கும். சுக்குத் தண்ணி குடித்தேன்.

மே 21

பழைய மேனேஜர் வரதராஜுலு சாருக்குப் போன் செய்தேன். எண்பத்தொரு வயது, குரல் மட்டும் இன்னும் ஷாப் ஃப்ளோர் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல். பதினேழாம் விதியைப் படித்துக் காட்டினேன்.

"நானா சொன்னேன்? அப்படிச் சொல்லலையே அம்மிணி."

"சொன்னீங்க சார். கதிரேசன் நின்னப்ப. 'லாங் லீவுல போயிட்டு வராம நிக்கறான், இவனுக்கு லீவுச் சம்பளம் போடாதே'ன்னு உங்க ரூம்லயே சொன்னீங்க."

பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அட, லேத்து கதிரேசனா! அவன் தங்கச்சி கல்யாணம், காதுகுத்துன்னு வர்ற வருஷத்து லீவையும் சேத்து முன்னாலயே எடுத்துத் தின்னுட்டானே. அவன் கணக்குல பாக்கி ஏது? அதான் போடாதேன்னேன். அது அவன் ஒருத்தனுக்குத்தானம்மா. நீ அத எதுக்கு ஊருக்கெல்லாம் ரூல் ஆக்குனே?"

எதற்கு ஆக்கினேன்? நோட்டில் பதினாறோடு நின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்றுக்கு இடம் இருந்தது. சார் ஒருவனைப் பற்றிச் சொன்னதை நான் அழகான தமிழில் எல்லோருக்கும் பொதுவாக எழுதினேன். எழுதின அன்று எனக்கு எவ்வளவு திருப்தி!

"ஆனைக்கும் அடி சறுக்கும், உடு அம்மிணி" என்றார் சார். சறுக்கியது யானைதான். மிதிபட்டவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மே 22

இனி முருங்கைக்கீரையே வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சலித்துவிட்டது.

மே 24

இன்றைக்கும் கீரை கொண்டுவந்துவிட்டார். சொன்னால் கேட்கிற ஆளா?

"வாங்கலை புள்ள. சும்மா அந்தப் பக்கம் போனேன், கூப்புட்டுக் குடுத்துது. டைம் ஆபீஸ் அக்காவுக்கு எலும்பு கூடோணும், நிறுத்திராதீங்கன்னு சொல்லுச்சு. உன்ன நெம்ப நல்லாத் தெரியுமாம். நீ ஒரு நாளும் சொல்லவே இல்லையே?"

"கம்பெனியில அறுநூறு பேரு. எல்லாரையும் பத்தி உங்ககிட்ட ஒப்பிச்சுட்டா இருப்பேன்?"

அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கீரையை ஆயப் போனார்.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

பதினேழாம் விதியால் பணம் போனவர்கள் பதினோரு பேர். ரெஜிஸ்டர் வேண்டாம், எனக்கு மனப்பாடம். கடைசி ஆள் பழனாத்தாள். டோக்கன் 318, வைண்டிங். பதினெட்டு வருஷம் ஒரே டிபன் கேரியரில் நானும் அவளும் சாப்பிட்டோம். அவள் கொள்ளுப் பருப்பு கடைந்து கொண்டுவந்தால் நான் என் சோற்றை அவளுக்குத் தள்ளிவிட்டு அவள் சோற்றைச் சாப்பிடுவேன். அவள் புருஷனுக்கு ஈரலில் வியாதி. ஏழு மாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் உடன் கிடந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால், இனி வர முடியாது என்று நின்றுகொண்டாள். அவளுக்கு இருபத்தாறு நாள் பாக்கி.

படியேறி வந்து என் மேசைக்கு முன் நின்று கேட்டாள், "அதுல ஒரு நாளாவது வருமாங்க்கா?" என்று. நான் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்தாள். "நீங்க சொன்னா செரியாத்தானுங்க்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ரெஜிஸ்டரில் அன்று நான் கோடு போட்டுக் கணக்கை முடித்தேன். நாற்பதாம் நாள் அந்த மனுஷன் போய்விட்டார். சாவுக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் சந்தையில் கீரைக்கடை போட்டாள். அவள் எதிரில் வந்தால் எனக்குப் பக்கத்துச் சந்தில் ஏதாவது வேலை இருக்கும்.

விதி என்பதால்தான் கஷ்டமாக இருந்தும் செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். விதியே இல்லை.

மே 29

மேனேஜர் ஜெரால்டு வீட்டுக்கே வந்தார். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, நல்ல மனுஷன், ஆனால் எதையும் மெத்தையில் வைத்துத்தான் பேசுவார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை.

"மேடம், உங்க சர்வீஸுக்கு இது ரொம்ப சின்ன விஷயம். உங்களுக்கு முப்பத்தஞ்சாயிரம் ஸ்பெஷலா சாங்ஷன் வாங்கிட்டேன். லீவு சம்பளம்னு இல்லாம, அன்பளிப்புன்னு. இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா நாளைக்கே செக்."

கடிதத்தைப் படித்தேன். 'இது தனிப்பட்ட சலுகை. மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆகாது. கம்பெனி நடைமுறை நோட்டு அப்படியே தொடரும்.'

"நோட்டு தப்புங்க சார்."

"தெரியும் மேடம். திருமூர்த்தி சொன்னார். ஆனா நாம அதைத் தப்புன்னு சொன்னா, பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க. உங்க பேரும்தானே கெடும்? எதுக்கு? உங்களுக்கு வர வேண்டியது வந்துருது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் பெயர் கெடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆரஞ்சை வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் என்ன?

மே 30

டாக்டரிடம் போனோம். படம் பார்த்தார். எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறதாம். "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். கீரை என்றார் எங்க வீட்டுக்காரர். கம்பியை ஒரு மாதத்துக்குள் எடுத்தால் நல்லது, தள்ளிப்போட்டால் சதை மூடி வேலை அதிகமாகும் என்றார் டாக்டர்.

வரும் வழியில் பஸ்ஸில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழனாத்தாளையும் சொன்னேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கையெழுத்துப் போட்டா நாளைக்கே காசு. போடலைன்னா?"

"வந்தாலும் வரலாம், வராமலும் போலாம்."

"செரி. நானு சர்வீஸுல ஒருக்கா சில்லறை தப்பாக் குடுத்துட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிட்டான் அந்த ஆளு. பதினஞ்சு நாளு ஒவ்வொரு டிரிப்பும் அந்த ஸ்டாப்புல தேடுனேன் புள்ள."

"கெடைச்சானா?"

"கெடைச்சான். திட்டுனான்." அவர் சிரித்தார். "வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நல்லாத் தூங்குனேன்."

ஜூன் 2

அன்பளிப்புக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். கூடவே என் கடிதம். நான்கு தரம் அடித்து எழுதியதன் சாரம் இது:

பதினேழாம் விதி கம்பெனி விதி அல்ல. யாரும் போட்டது அல்ல. ஒருவரைப் பற்றிச் சொன்னதை நான் தவறாகப் பொதுவாக்கி எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது. வேலை செய்து சேர்த்த லீவு, அதன்பின் எத்தனை மாதம் வராமல் இருந்தாலும் அழியாது. எனக்கு வேண்டியது சலுகை இல்லை, பாக்கி. அது எனக்கு உண்டென்றால் கீழ்க்கண்ட பதினோரு பேருக்கும் உண்டு. பெயர், டோக்கன் நம்பர், விலகிய தேதி, நாள் கணக்கு இணைத்துள்ளேன். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் வீட்டார் விலாசமும் உண்டு.

நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு என்று கீழே ஒரு வரி போட்டேன். அந்த நகலை இன்னும் அனுப்பவில்லை. ஆனால் கவர் எழுதி ஸ்டாம்பு ஒட்டி டீவி மேல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 5

பதில் இல்லை. ஆரஞ்சு தீர்ந்தது.

ஜூன் 9

இன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்தது. பிறகு சொல்கிறேன் என்றேன். என்னிடம் பத்து பவுன் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வளையல் அடகுக்குப் போனால் கம்பி வெளியே வந்துவிடும். யாருக்காகவும் என் கடிதத்தில் ஒரு வார்த்தையை மாற்றமாட்டேன்.

ஜூன் 11

திருமூர்த்தி போன் செய்து குசுகுசுவென்று பேசினான். கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரூல் எழுதுன அம்மாவே அது ரூல் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் எதை வெச்சு வாதாடறது? மொத்தம் எவ்வளவு?" என்றாராம். யாருக்கும் தெரியவில்லையாம்.

"எழுபத்தோராயிரத்து நானூத்தி எண்பது" என்றேன் நான்.

"அக்கா!" என்றான் திருமூர்த்தி.

கம்பெனி போன ஆயுத பூஜைக்குப் பொரியும் பந்தியும் போட்டது இதைவிடச் செலவு.

ஜூன் 14

முதலாளி சொல்லி அனுப்பினார். "அமராவதி எழுதுனது தப்புன்னா, அமராவதியே வந்து கணக்குப் போட்டுக் குடுக்கட்டும்."

போனேன். செக்யூரிட்டி அறையில் மேசை போட்டிருந்தார்கள். திருமூர்த்தி பழைய ரெஜிஸ்டர்களைச் சுமந்து இறக்கினான். பதினோரு பேர் கணக்கையும் அன்றைய சம்பள விகிதத்தில் போட்டேன். எழுபத்தோராயிரத்து நானூற்று எண்பது. ரெஜிஸ்டர் ஒரு ரூபாய் கூட என்னை மறுக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு இரும்புப் படியில் ஏறிப் பார்த்தேன். ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மே மாதம் ராஜினாமா எழுதுவதற்கு முந்தின நாளும் இப்படித்தான் வந்து பார்த்தேன். அன்று நான்கு படி. அதை இந்த டைரியில் எழுதவில்லை. வாங்கம்மா, கீழேயே ஒரு மேசை போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொல்வார்கள் என்று இருந்தேன். இன்று மேசை போட்டார்கள், வேலையை விட்டபிறகு. போகட்டும், ஒரு நாளாவது போட்டார்களே.

ஜூன் 20

எனக்கு முப்பத்தையாயிரத்து நூற்றைம்பதுக்குச் செக். தாளில் 'சம்பாத்திய விடுப்புச் சம்பளம், 38 நாள்' என்று தெளிவாக இருந்தது. மற்ற பதினோரு செக்குகளும் தயார். தபாலில் அனுப்பலாம் என்றார் ஜெரால்டு. பத்தை அனுப்புங்கள், 318-ஐ நான் கொண்டுபோகிறேன் என்றேன்.

நீல நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பதினேழின் மேல் சிவப்பு மையில் ஒரே கோடு. பக்கத்தில் எழுதினேன்: "இது தவறு. எழுதியவள் நானே. ரத்து செய்பவளும் நானே. கி. அமராவதி." தேதி போட்டேன்.

"நம்பரை மாத்தி, பதினெட்டப் பதினேழு ஆக்கிறலாங்களாக்கா?" என்றான் திருமூர்த்தி.

"அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும். வர்றவங்க பாக்கோணும்."

ஜூன் 21

சந்தைக்குப் போனேன். அவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சந்தை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் நானே நடந்தேன். என்ன பேசவேண்டும் என்று வீட்டில் மூன்று தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

பழனாத்தாளுக்கு முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க்கா. நடக்கறீங்களே."

"நடக்கறேன்."

"தடிய எப்ப உடறது?"

"கம்பிய எடுத்தப்பறம்."

கீரைக் கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்தாள். "உங்க ஊட்டுக்காரருகிட்ட எத்தனை கட்டு குடுத்திருப்பேன்னு நெனைக்கறீங்க? நானும் எண்ணலீங்க. உங்க கால் கூடி, நீங்களா இங்க நடந்து வரோணும்னுதான் குடுத்தேன்."

"எதுக்கு பழனாத்தா?"

"கேக்கறதுக்குத்தானுங்க்கா." குரலை உயர்த்தவே இல்லை. "நாலு வருசமா எதுக்க வந்தா சந்துல திரும்பிப் போயிருவீங்க. அப்பறம் உழுந்துட்டீங்க. படுத்துக் கெடக்கற மனுசிகிட்டப் போயிக் கேட்டா நல்லா இருக்காது. எந்திரிச்சு வரட்டும், நின்னு பதில் சொல்லட்டும்னு இருந்தேன். என்ற இருவத்தாறு நாளு எங்கீங்க்கா?"

தயார் செய்த பேச்சை விட்டுவிட்டேன்.

"என்கிட்டத்தான் இருந்துது" என்றேன். "ரூலெல்லாம் இல்ல. நானா எழுதுனது. தப்பு. உன்ர காசத் தடுத்தது கம்பெனி இல்ல, நான்தான்."

செக்கையும் கணக்குத் தாளையும் நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். இருபத்தாறு நாள், நாளுக்கு இருநூற்றுத் தொண்ணூறு, ஏழாயிரத்து ஐநூற்று நாற்பது. முன்பு நோட்டைப் படித்தபோது இப்படி விரல் வைக்கவில்லை.

"செரியா இருக்குதுங்க்கா" என்றாள். மடித்து இடுப்பில் வைத்தாள். பிறகு ஒரு கட்டிலிருந்து வாடின இலைகளைக் கிள்ளிப் போட்டாள். "அன்னிக்கு இது கையில இருந்திருந்தா, அவரு வாய்க்கு ஒரு மாசம் ஆரஞ்சு புழிஞ்சு குடுத்திருப்பேன். டாக்டரு குடுக்கச் சொன்னாரு. இப்ப வாங்கி யாருக்குக் குடுக்கறது?"

அந்தக் கணக்கு எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. அழுதுவிட்டேன். சந்தை நடுவில், அறுநூறு பேரை அதட்டிய நான், தடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவள் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த பலகையில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. எத்தனை நேரம் ஒத்தக் கால்ல நிப்பீங்க?"

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் கீரை வாங்க வந்தார்கள், சில்லறை நான் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு கட்டு எடுத்தேன்.

"பத்து ரூவா" என்றாள் பழனாத்தாள். "இனி இனாம் கெடையாதுங்க்கா. கணக்கு முடிஞ்சுது."

கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நானே கீரையை மூன்று தண்ணியில் அலசினேன். ஒவ்வொரு தரமும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தேன். மண் இல்லை.